சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வில் மகளுக்கு 22. பக்கத்துப் பள்ளியில் சேர்த்தால் பின்தங்கிவிடுவாளா?

தயங்காமல் சேர்த்துவிடுங்கள். வட்டாரத்தில் இருக்கும் உயர்நிலைப் பள்ளியின் நுழைவு மதிப்பெண் அவ்வளவு நன்றாக இல்லை, இந்தியப் பிள்ளைகளும் கொஞ்சம் பேர்தான், சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஈசூனில் அப்படி ஒரு பள்ளிக்குத்தான் என் மகனையும் அனுப்புகிறேன். 2023 நவம்பரில் முடிவு வந்தபோது அவனுக்கு 23. நான்கு பாடத்தின் ஏஎல் எண்களைக் கூட்டி வருவது அது; ஏஎல் 1 மிகச் சிறந்தது, 8 கடைசி. ஆங்கிலம், கணிதம், அறிவியல் மூன்றிலும் அவனுக்கு ஏஎல் 6, தமிழில் 5. அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த 6 என்ற எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 45 மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கும் 6, 64 எடுத்த பிள்ளைக்கும் 6. கையில் தரும் முடிவுத்தாளில் எந்த மதிப்பெண் என்று இருக்காது. என் மகன் அந்த இருபது மதிப்பெண்ணுக்குள் எங்கே நின்றான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பள்ளியின் நுழைவு மதிப்பெண் என்று நாம் சொல்வதோ, சென்ற ஆண்டு அங்கே கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் கூட்டு எண். எத்தனை பெற்றோர் அந்தப் பள்ளியைக் கேட்டார்கள் என்று அதிலிருந்து தெரியும். வகுப்புக்குள் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்?

இனவாரியாகத் தேர்ச்சி விகிதம் போட்டு கல்வி அமைச்சு வெளியிடும் பட்டியலை நானும் மேய்ந்திருக்கிறேன். இந்தியர் என்று ஒரே ஒரு வரி இருக்கும். மகனின் தமிழ் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரண்டு பையன்கள் அந்த ஒரே வரிக்குள்தான் வருகிறார்கள். ஒருவனின் அப்பாவும் அம்மாவும் கணினித் துறையில் இருக்கிறார்கள். படிக்கத் தனி அறை, மூன்று பாடத்துக்குத் துணைப்பாட ஆசிரியர். இன்னொருவன் இரண்டறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஐந்து பேரோடு இருக்கிறான். அப்பாவுக்கு இரவு வேலை, பகலில் தூங்குவார், அதனால் வீட்டில் சத்தம் போட்டுப் படிக்க முடியாது. பள்ளி விட்டதும் நார்த்பாயின்ட் சிட்டி நூலகத்துக்குப் போய்விடுவான். அங்கே இடம் இல்லையென்றால் புளோக் கீழ்த்தளத்து சதுரங்க மேசையில் நோட்டை விரித்துக்கொள்வான். இவர்கள் இருவரையும் கூட்டி சராசரி எடுத்து, ‘இந்தியப் பிள்ளைகள் இப்படி’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இந்தியர் எத்தனை பேர் என்று எண்ணுவதைவிட, அந்த இரண்டாவது பையனுக்குப் பள்ளி என்ன செய்கிறது என்று பாருங்கள்.

எங்கள் பள்ளி என்ன செய்தது என்று சொல்கிறேன். உயர்நிலை ஒன்றில் இயற்கணிதம் தொடங்கியதும் மகன் திணறினான். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் உள்ளே முதல் உறுப்புக்கு மட்டும் குறியை மாற்றுவான், இரண்டாவதை அப்படியே விட்டுவிடுவான். மூன்று மாதம் இதே தப்பு. கணக்கு ஆசிரியை ஒவ்வொரு தாளிலும் அந்த ஓர் இடத்தை மட்டும் பச்சை மையில் வட்டமிட்டு அனுப்புவார். வியாழக்கிழமைகளில் ஐந்தாறு பேரை நிறுத்திவைத்து, ஒரு வரிக்கு ஒரு படி என்று எழுதவைத்தார். அந்த ஐந்தாறு பேரில் நூலகத்துக்குப் போய்ப் படிக்கும் அந்தப் பையனும் உண்டு. ஒரு நாள் வட்டமே இல்லாத தாள் வந்தது. அதை என்னிடம் காட்டாமல் மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். ஒவ்வொரு பாடத்தையும் ஜி1, ஜி2, ஜி3 என்று மூன்று நிலையில் நடத்துகிறார்கள், ஜி3தான் கடினமானது. உயர்நிலை இரண்டில் கணிதம் ஜி3க்கு மாறினான். தமிழ் முதல் ஆண்டிலேயே ஜி3தான், ஏனென்றால் ஏஎல் 5 அல்லது அதைவிட நன்றாக எடுத்த பாடத்தை ஜி3யில் படிக்கலாம் என்று விதி இருக்கிறது.

நான் 1996இல் உயர்நிலை ஒன்றுக்குப் போனபோது இப்படி ஒரு வாசல் கிடையாது. வழக்கநிலை என்று போட்டால் வகுப்பறையே தனி. விரைவுநிலைப் பிள்ளைகள் நான்கு ஆண்டில் எழுதிய சாதாரண நிலைத் தேர்வை நான் ஐந்தாவது ஆண்டில் எழுதினேன். ஒரே பள்ளிக்குள் அவர்களில் ஒருத்தியோடுகூட எனக்குப் பழக்கம் ஏற்படவில்லை. 2024இல் அந்தப் பிரிவுகளை எடுத்துவிட்டார்கள். என் மகன் சேர்ந்தது அதே ஆண்டு. அவன் வகுப்பில், பிஎஸ்எல்இ கூட்டு எண்ணை வைத்துப் பிரிக்கும் மூன்று போஸ்டிங் குரூப் பிள்ளைகளும் கலந்துதான் உட்காருகிறார்கள், பாடத்துக்கு ஏற்றபடி மட்டும் பிரிந்து போய்வருகிறார்கள். 2027 முதல் உயர்நிலை முடிக்கும் எல்லாருக்கும் ஒரே எஸ்இசி சான்றிதழ். அந்தக் காலத்துப் பள்ளி நினைவை வைத்துக்கொண்டு உங்கள் உறவினர்கள் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, உங்கள் மகள் விஷயம். 21, 22 எடுத்தவர்கள் இரண்டாவது குரூப்பா மூன்றாவதா என்று தாங்களே தேர்ந்தெடுக்கலாம். நான்கு பாடத்திலும் தனித்தனியாக என்ன ஏஎல் என்று பாருங்கள். மூன்றாவது என்றால் பெரும்பாலும் எல்லாமே ஜி3. இரண்டாவது என்றால் ஜி2இல் தொடங்கி, வலுவான பாடத்தை மட்டும் ஜி3க்குக் கொண்டுபோகலாம். இதை அவளிடமே கேட்டு முடிவெடுங்கள், அவள்தான் உட்கார்ந்து படிக்கப்போகிறாள். விண்ணப்பத்தில் ஆறு பள்ளிகளை எழுதும்போது வரிசையும் முக்கியம். கடைசி இடத்துக்கு ஒரே மதிப்பெண்ணில் பலர் வந்தால் முதலில் குடியுரிமை, அடுத்து எத்தனையாவது விருப்பமாக எழுதியிருக்கிறீர்கள் என்பது, அப்புறம்தான் கணினிக் குலுக்கல். இந்தப் பள்ளி வேண்டுமென்றால் முதலாவதாகவே எழுதுங்கள்.

செலவு கவலையாக இருந்தால் கல்வி அமைச்சின் நிதியுதவிக்குப் பள்ளி அலுவலகத்திலேயே மனு வாங்கலாம். நம் சம்பளத்தில் மாதாமாதம் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்குப் பிடிக்கிறார்கள் அல்லவா, அவர்களின் ஸ்டெப் துணைப்பாட வகுப்புகளையும் விசாரியுங்கள், வெளியே தனியார் வகுப்பைவிடக் கட்டணம் மிகக் குறைவு.

இந்தியப் பிள்ளைகள் குறைவாக இருப்பதால் உண்மையிலேயே ஒரு சிக்கல் வரலாம்: சில பள்ளிகளில் தமிழ் வகுப்பு நடக்காது. அப்போது உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் போல வேறொரு நிலையத்துக்குப் பள்ளி முடிந்து போகவேண்டும். திறந்த நாளுக்குப் போகும்போது இதை முதலில் கேளுங்கள். வெளியேதான் தமிழ் என்றால், அந்த நாட்களில் அவள் எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள் என்று ஒருமுறை நீங்களே பேருந்தில் போய்ப் பார்த்துவிடுங்கள்.