கேபி எண் 2 தான், அதாவது காந்தப்புலம் அமைதி; பிறகு நண்பகலில் 20 மீட்டர் சிற்றலை ரேடியோ பேண்ட் ஏன் அடங்கிப்போகிறது?

கேபி எண்ணை வைத்து இதைப் பிடிக்க முடியாது. அது பூமியின் காந்தப்புலம் எவ்வளவு குலுங்குகிறது என்று மட்டும் சொல்லும். 12.10க்கு நிலையங்கள் எல்லாம் மறைந்து, முக்கால் மணி நேரத்தில் மெல்லத் திரும்பின என்கிறீர்கள். அது பெரும்பாலும் சூரியப் பிழம்பின் வேலை. அதன் எக்ஸ் கதிர் 8 நிமிடத்தில் வந்து, சிற்றலையைத் திருப்பி அனுப்பும் மேல் வளிப் பகுதியான அயனி மண்டலத்தின் அடியிலுள்ள டி அடுக்கில் அயனிகளைப் பெருக்கிவிடும். சிற்றலை அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடும்.

1. அமெரிக்க அரசின் வானிலை அமைப்பான நோவாவின் கோஸ் செயற்கைக்கோள் தரும் எக்ஸ் கதிர் வரைபடத்தைத் திறந்து, அந்த நேரத்தைப் பாருங்கள். அது யுடிசி எனும் உலகப் பொது நேரம், நம் 12.10 அங்கே 06.40. இதில்தான் பலரும் தவறுகிறார்கள். எம், எக்ஸ் என்பவை பிழம்பின் வலிமை வகைகள், எக்ஸ் பெரியது. கோடு எம்1-ஐத் தொட்டிருந்தால் ஆர்1 எனும் லேசான வானொலி மறைவு, எக்ஸ்1 என்றால் ஆர்3 எனும் கடுமையான மறைவு.

2. அடுத்த முறை ரேடியோவை அணைக்காமல் பேண்டை மாற்றி மாற்றிக் கேளுங்கள். இரைச்சலும் சேர்ந்து தணியும். அப்புறம் 10 மீட்டர் முதலில் மீளும், 40 மீட்டர் கடைசியில். இந்த வரிசை இல்லாமல் எல்லாம் ஒரே நொடியில் போய் ஒரே நொடியில் வந்தால், ஆன்டெனாவின் கோஆக்ஸ் கேபிள் இணைப்பைச் சோதியுங்கள்.

ஒன்று மட்டும்: அலை போகும் பாதையில் வெயில் இருந்தால்தான் இது நடக்கும். 2024 மே 14-இன் எக்ஸ்8.7 பிழம்பு உச்சமடைந்தபோது நமக்கு இரவு 10.21, நம் தலைக்கு மேல் டி அடுக்கு அசையவில்லை. தினசரி முன்னறிவிப்பும் ஆர்1, ஆர்3 வாய்ப்பைச் சதவீதமாகத்தான் தரும், மணி சொல்லாது.