எச்சில் கிட்டுக்கு முன்னால் எக்கோ

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன், வயது 38. அண்மையில் மரபணுவும் உடல்நலமும் பற்றிய பொதுச் சொற்பொழிவு ஒன்றைக் கேட்டேன். தெற்காசியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இதய நோயோடு தொடர்புடைய மரபணுக் குறைபாடு இருப்பதாகப் பேச்சாளர் சொன்னார். என் அப்பா 52 வயதில் திடீரென இறந்துபோனார். சித்தப்பாவுக்கு இதயத்தசை தடித்திருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். எச்சில் மாதிரி அனுப்பும் கிட் வாங்கி, நானும் பிள்ளைகள் இருவரும் சோதித்துக்கொள்ளலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் என் கண்ணை நிறுத்தியது அந்த நான்கு விழுக்காடு அன்று, சித்தப்பாவைப் பற்றிய ஒற்றை வரிதான்.

பேச்சாளர் குறிப்பிட்டது, இதயத்தசைப் புரதம் ஒன்றை உருவாக்கும் எம்ஒய்பிபிசி3 என்னும் மரபணுவில், டி.என்.ஏ. குறியீட்டின் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன மாறுபாட்டை. இதை 2009இல் வெளியிட்ட ஆய்வுக்குழுவில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்திலும் பணியாற்றியவர்கள் இருந்தார்கள். நான்கு விழுக்காடு என்பது சரியான கணக்குத்தான். நீங்கள் அமர்ந்திருந்த அரங்கில் 200 பேர் இருந்திருந்தால் ஏறத்தாழ எட்டுப் பேரிடம் அது இருந்திருக்கும். ஆனால் அந்த எட்டுப் பேரும் நோயாளிகள் அல்லர். பலர் நோயே இல்லாமல் முதுமையை எட்டுகிறார்கள். உடன் வேறு மாறுபாடும் சேர்ந்திருப்பவர்களுக்கே ஆபத்து கூடுதல் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு மணி நேரப் பேச்சில் இவ்வளவையும் சொல்ல நேரம் போதாது, அதைக் குறையாகச் சொல்லவில்லை.

உங்கள் குடும்பத்தின் நிலை வேறு. தசை தடித்தல் நோய், இரத்தக்கொதிப்பு போன்ற காரணம் இல்லாமல் வந்திருந்தால், பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வருவது. அப்பாவுக்கும் அது இருந்திருந்தால் உங்களுக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆகவே முதலில் ஓர் இதய மருத்துவரைப் பார்த்து, ஈ.சி.ஜி.யும், ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயதேவா போன்ற அரசு இதய மருத்துவமனையிலும் எடுக்கலாம். அது இயல்பாக இருந்தாலும் அத்துடன் முடியாது. தடிப்பு நடுவயதுக்குப் பிறகும் தோன்றக்கூடும் என்பதால், மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்.

மரபணுப் பரிசோதனை தேவைதான், ஆனால் அது தொடங்க வேண்டியது சித்தப்பாவிடம். நோய் உள்ளவரிடம் காரணமான மாறுபாடு தெரிந்துவிட்டால், உங்களிடம் தேட வேண்டியது அந்த ஒன்றை மட்டுமே. அது உங்களிடம் இல்லையென்றால் பிள்ளைகளைப் பற்றிய கவலையும் நீங்கும். அவரிடமே எதுவும் அகப்படாவிட்டால், உங்களுக்கு எக்கோ கண்காணிப்புதான் வழி. எச்சில் கிட்டுகளில் பல, நம் டி.என்.ஏ.வின் 300 கோடி எழுத்துகளில் தேர்ந்தெடுத்த இடங்களை மட்டுமே பார்ப்பவை. அதில் 'ஒன்றும் இல்லை' என்று வரும் அறிக்கை உங்களுக்குப் பொய்யான நிம்மதியைத் தரும். எனக்கு அதுதான் அச்சம். முழுமையான பரிசோதனையிலும் 'பொருள் விளங்காத மாறுபாடு' என்ற விடை வருவதுண்டு. நம் மக்களின் தரவு நெடுங்காலம் குறைவாக இருந்ததே அதற்கு ஒரு காரணம். இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆய்வு மையம் ஒருங்கிணைத்த ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் மரபணுத்தொகையைப் படித்தது இந்தக் குறையைத் தீர்க்கத்தான்.

என் போன்ற மரபணு ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது மூன்று தலைமுறைக் குடும்பப் படம் ஒன்று எழுதிக்கொண்டு போங்கள். 'அங்கிள்' என்று எழுதினால் அப்பா வழியா அம்மா வழியா என்று எங்களுக்குத் தெரியாது. சித்தப்பா, அத்தை, தாய்மாமன் என்று தமிழிலேயே எழுதுங்கள். சொந்தத்தில் திருமணம் நடந்திருந்தால் ஒருவரே இரண்டு முறைகளில் உறவாவார், அதை இரண்டு கோடுகளாக வரைய வேண்டும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குறைபாடு வந்த குழந்தைக்கு நோய் இளமையிலேயே கடுமையாக இருக்கலாம் என்பதால் இது வெறும் சம்பிரதாயத் தகவல் அன்று. அப்பாவின் பழைய ஈ.சி.ஜி., மருத்துவமனைச் சீட்டு, இறப்புச் சான்று ஏதேனும் பெட்டியில் இருந்தால் அவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு எக்கோ எப்போது என்பதை உங்கள் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகு மருத்துவர் சொல்வார். ஆனால் அவர்களில் யாரேனும் ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுந்திருந்தால், அல்லது நெஞ்சு படபடப்பதாகச் சொல்லியிருந்தால், எவருடைய முடிவுக்கும் காத்திராமல் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.