அதிகம் ஓடாத காருக்கும் டயர் மாற்ற வேண்டுமா?

2018இல் வாங்கிய கார் 19,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, டயரில் பட்டன் (சாலையில் பதியும் ரப்பர் மேடுகள்) தேயாமல் அப்படியே இருக்கிறது, ஆனாலும் கடைக்காரர் நான்கையும் மாற்றச் சொல்கிறார், அவரை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பலாம். உங்களைப் போலவே பட்டனை மட்டும் பார்த்து நானும் ஏமாந்திருக்கிறேன்.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில், நிழலே இல்லாத தெருவில் இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் கார் வெயிலில்தான் நிற்கும். ஒரு நாள் அம்மாவை வடிவுடையம்மன் கோயிலுக்கு அழைத்துச் செல்லும் வழியில், எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பின்பக்க டயரின் பக்கச் சுவர் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. பஞ்சர் கடைத் தம்பி கழற்றிய டயரை விரலால் மடக்கிக் காட்டினார். பட்டன்களுக்கு இடையில், காய்ந்த ஏரித் தரை போல மெல்லிய வெடிப்புகள் திறந்துகொண்டன. "பட்டன் இருக்குண்ணே, ரப்பர் செத்துப்போச்சு" என்றார்.

ரப்பர் வெயிலாலும், காற்றில் உள்ள ஆக்சிஜன், ஓசோன் ஆகியவற்றாலும் நாளடைவில் இறுகிப்போகிறது. இதைத் தடுப்பதற்காகவே ரப்பரில் ஒருவகை மெழுகும் வேறு சில பொருட்களும் கலக்கப்படுகின்றன. டயர் உருண்டு வளைந்து கொடுக்கும்போது அவை மேற்பரப்புக்கு வந்து காப்பாகப் படிகின்றன. நின்றே கிடக்கும் டயருக்கு அந்தக் காப்பு சரியாகக் கிடைப்பதில்லை. ஆகவே குறைவாக ஓடியது என்பதை மட்டும் வைத்து டயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது.

டயரின் பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3518 என்றிருந்தால் அது 2018ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் தயாரானது. ஒரு பக்கத்தில் முழு எண் இல்லாவிட்டால் மறுபக்கத்தில் இருக்கும். ஆறு ஆண்டுகளில் மாற்றும்படி பல கார் நிறுவனங்கள் கூறுகின்றன; எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பத்து ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. புது டயர் வாங்கும்போதும் இந்த எண்ணைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது சட்டம். ஐப்பசி மழையில் வியாசர்பாடிப் பக்கம் தேங்கும் தண்ணீரில் ஓட்டுவோருக்கு அதுவும் போதாது. 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது என் வழக்கம்.

காற்றின் அளவு ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கும். வண்டி எடுக்காத காலை வேளையில், டயர் சூடேறாதபோது அளந்தால்தான் கணக்கு சரியாக வரும். காற்று குறைந்தால் பக்கச் சுவர் அதிகமாக மடங்கிச் சூடாகும். பழைய டயர் கிழிவதற்கு அதுவே பெரும்பாலும் காரணமாகிறது.

ஸ்டெப்னியின் தேதியையும் காற்றையும் மறக்காமல் பாருங்கள். அன்று எங்கள் ஸ்டெப்னியில் காற்றே இல்லை. அம்மா சாலையோரத்தில் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டியதாயிற்று.