டார்செட்டில் நடக்க வருவோருக்கு: கேள்வி பதில்

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள டார்செட் மாவட்டத்தைப் பல ஆண்டுகளாக நடந்தே சுற்றிவருகிறேன். நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

லண்டனிலிருந்து வருகிறோம். கார் இல்லை, கையில் ஒரே நாள். எங்கே போகலாம்?

லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் வேமத் ரயிலில் ஏறி வேரமில் இறங்குங்கள். அங்கிருந்து பஸ்ஸில் ஸ்வானேஜ். கடலை வலப்பக்கம் வைத்து பாலார்ட் டவுன் மேட்டில் ஏறினால் ஓல்டு ஹாரி பாறைகள் வழியாக ஸ்டட்லண்ட் கிராமம் வரை சுமார் 7 கிலோமீட்டர். வெள்ளைச் சுண்ணாம்புத் தூண்கள் கடலுக்குள் நிற்கும். அதில் ஒரு தூணின் பெயர்தான் ஓல்டு ஹாரி. பக்கத்தில் 'ஹாரியின் மனைவி' என்ற தூணும் இருந்தது. 1896-இல் இடிந்து விழுந்துவிட்டாள், அடிக்கட்டை மட்டும் இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் கிழக்கே வைட் தீவின் நீடில்ஸ் பாறைகள் தெரியும். ஒரு காலத்தில் இரண்டும் ஒரே சுண்ணாம்பு மலைத்தொடர்தான். இடைப்பட்டதைக் கடல் தின்றுவிட்டது.

லல்வர்த் கோவ் என்ற சிறு விரிகுடாவிலிருந்து டர்டில் டோர் பாறை வளைவு 2 கிலோமீட்டர்தானாமே! 68 வயது அம்மாவை அழைத்துப் போகலாமா?

முழங்கால் எப்படி என்று முதலில் கேளுங்கள். அந்த 2 கிலோமீட்டரில் சமதளம் என்று சொல்ல அதிகமில்லை; ஒரே மூச்சில் ஏற்றம், பிறகு இறக்கம். கடற்கரைக்குப் போகும் படிகளில் இறங்குவது எளிது, திரும்பி ஏறும்போதுதான் தெரியும். அம்மா அந்த விரிகுடாவின் வளைந்த கரையில் உட்கார்ந்திருக்கட்டும், அதுவே கண்கொள்ளாக் காட்சி. செசில் கடற்கரைக்கு மட்டும் அவரை நடக்க அழைத்துப் போகாதீர்கள். 29 கிலோமீட்டர் நீளமும் கூழாங்கல், ஒவ்வோர் அடியும் புதையும். போர்ட்லண்ட் பக்கம் உருளைக்கிழங்கு அளவுக் கற்கள், மேற்கே போகப் போகப் பட்டாணி அளவு. இரவில் கரை சேரும் மீனவர்கள் கல்லைத் தொட்டே இடத்தைச் சொல்லிவிடுவார்களாம்.

லல்வர்த்துக்குக் கிழக்கே வரைபடத்தில் 'அபாயப் பகுதி' என்றிருக்கிறது. பாதை அதனூடே போகிறதே?

அது ராணுவத்தின் பீரங்கிப் பயிற்சிக் களம். பெரும்பாலான வார இறுதிகளிலும் ஆகஸ்ட் மாதத்திலும் நடப்பவர்களுக்குத் திறந்துவிடுவார்கள். கிளம்புமுன் தேதியைப் பாருங்கள். சிவப்புக் கொடி பறந்தால் திரும்பிவிடுங்கள். உள்ளே போனால் மஞ்சள் கம்பங்களுக்கு நடுவிலேயே நடக்க வேண்டும். வெடிக்காத குண்டுகள் கிடக்கலாம், இது வேடிக்கைப் பேச்சில்லை.

ஆனால் திறந்திருக்கும் நாளைத் தவறவிடாதீர்கள். உள்ளே டைன்ஹம் என்ற ஊர் இருக்கிறது. 1943 டிசம்பரில் போர்ப் பயிற்சிக்காக ஊரையே காலி செய்யச் சொன்னார்கள். கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு மக்கள் மூட்டை கட்டினார்கள். 'தேவாலயத்தையும் வீடுகளையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு நாள் திரும்பி வருவோம்' என்ற பொருளில் தேவாலயக் கதவில் ஒரு குறிப்பை மாட்டிவிட்டுப் போனார்கள். திரும்ப விடவேயில்லை. போர் முடிந்தும் ராணுவம் நிலத்தை வைத்துக்கொண்டது. இன்று கூரையற்ற சுவர்கள், உள்ளே முளைத்த மரங்கள். தேவாலயத்தையும் பள்ளிக்கூடத்தையும் மட்டும் பழையபடி வைத்திருக்கிறார்கள். உழவும் கட்டடமும் இல்லாததால் சுற்றிலும் காட்டுப்பூக்கள் செழித்துக் கிடப்பது விந்தை. எனக்கு டார்செட்டிலேயே மிகப் பிடித்த நடை இதுதான், மனம் கனத்தாலும்.

பிள்ளைகள் புதைபடிவம் தேட வேண்டும் என்கிறார்கள்.

சார்மத் கடற்கரை. பக்கத்து ஊரான லைம் ரீஜஸில் மேரி ஆனிங் 1812-இல், தம் பன்னிரண்டாம் வயதில், இக்தியோசர் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார். அதன் தலையை முந்தைய ஆண்டே அண்ணன் பார்த்திருந்தார். உதிர்ந்து கிடப்பவற்றை எடுக்கலாம், பாறைச்சரிவைக் குடையக் கூடாது. மழைக்குப் பின் சரிவு சேறாக வழியும், அடிவாரத்தில் நிற்காதீர்கள். கடல் வற்றத் தொடங்கும்போது போய், பெருகுமுன் திரும்பிவிடுங்கள். லைமுக்கும் சார்மத்துக்கும் நடுவே தண்ணீர் பாறையை முட்டிவிட்டால் ஒதுங்க இடமில்லை.

பாதை விவசாயியின் வயலுக்குள் போகிறது. திட்ட மாட்டாரா?

மஞ்சள் அம்பு இருந்தால் அது பொது நடைபாதை, நடப்பது உங்கள் உரிமை. கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போங்கள். கன்றோடு நிற்கும் பசுவைச் சுற்றிக்கொண்டு போங்கள். இங்கத்திய மாடுகள் நம்மூர் லட்சுமி இல்லை.

கோல்டன் கேப் கஷ்டமா?

தென்கரையிலேயே உயரமான இடம், 191 மீட்டர். சீடவுனில் கடல்மட்டத்திலிருந்து ஏற வேண்டும். கஷ்டம்தான். ஏறுங்கள்.

சாப்பாடு?

புளிசாதம் கட்டிக்கொண்டு போவேன். லைம் ரீஜஸ் கரையில் மட்டும் பொட்டலத்தைத் திறக்காதீர்கள். அங்குள்ள கடற்புறாக்கள் பின்னாலிருந்து வரும். என் வடை ஒன்று அப்படித்தான் போயிற்று.