வயலோரத்தில் பதிந்த தரவைக் காப்பது: ரூம் பற்றிய கேள்வி பதில்

கமக்கார அமைப்புகளுக்கும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அன்ட்ரொய்ட் செயலி எழுதும் வன்னி இளையோர், கைபேசிக்குள் உள்ள எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் தரவைச் சேமிக்க உதவும், கூகுள் 2017 இல் அறிமுகப்படுத்திய ரூம் நூலகத்தைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை.

பரந்தன்: ஐயா, நெல் கொள்வனவுச் செயலியில் ஈரப்பதனுக்கு ஒரு புலம் சேர்த்தேன். இப்போது செயலி திறந்தவுடன் நின்றுவிடுகிறது. பழைய அட்டவணைகளை அழித்துப் புதிதாக அமைக்கும் வரியைச் சேர்த்தால் சரியாகும் என்கிறார்கள். சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டாம். கைபேசியில் இருக்கும் அட்டவணையும் நீங்கள் எழுதிய வகுப்பும் ஒத்துப்போகாததைக் கண்ட ரூம், தரவைத் தொடாமல் நின்றிருக்கிறது. சிறுபோக அறுவடையில், சிக்னல் கிடைக்காத வயலோரத்தில் பதிந்த எடைக்கு, அது சேவையகத்தைச் சென்றடையும்வரை அந்தக் கைபேசியைத் தவிர வேறெங்கும் பிரதி இல்லை என்பதால், அந்த ஒரு வரி ஒரு கமக்காரரின் வரவையே அழித்துவிடக்கூடும். தரவுத்தளத்தின் பதிப்பு எண்ணை ஒன்றால் கூட்டி, புதிய புலத்தைச் சேர்க்கும் எஸ்கியூஎல் (தரவுத்தள மொழி) கூற்றை மைக்ரேஷனாக, அதாவது பழைய பதிப்பைப் புதியதாக மாற்றும் படியாக, எழுதுங்கள். அப்புலம் வெறுமையாக இருக்கக்கூடாதென்றால் அதற்கு ஓர் இயல்பு மதிப்பும் கொடுக்க வேண்டும். ரூம் 2.4 முதல் இத்தகைய எளிய மாற்றங்களைத் தானாகவே செய்விக்கலாம்; ஆனால் ஒவ்வொரு பதிப்பின் அமைப்புக் கோப்பையும் ஏற்றுமதி செய்து, மூலநிரலுடன் சேர்த்து வைத்திருந்தால்தான் அது இயலும். வெளியிடும் முன்னர், பழைய பதிப்பில் தரவு நிரம்பிய கைபேசி ஒன்றில் புதியதை நிறுவிப் பாருங்கள்.

வவுனியா: பிரதான இழையில் (திரையை இயக்கும் இழை) தரவுத்தளத்தை அணுக முடியாது என்று பிழை வருகிறது.

தரவுத்தளக் கட்டளைகள் இருக்கும் டாவோவின் செயற்பாடுகளை, பிரதான இழையைத் தடுக்காமல் காத்திருக்கும் சஸ்பெண்ட் வகையாக ஆக்குங்கள். திரையில் தொடர்ந்து காட்டவேண்டியவற்றுக்கு, தரவு மாறும்போதெல்லாம் புதியதைத் தரும் ஃப்ளோவைப் பயன்படுத்துங்கள்.

மாங்குளம்: பால் சேகரிப்புச் செயலியில் ஓர் அங்கத்தவரின் தொலைபேசி எண்ணைத் திருத்தினால், அவருடைய பால் கணக்கு முழுவதும் மறைந்துவிடுகிறது.

முரண்பட்டால் பதிலீடு செய் என்ற விதியுடன் பதிகிறீர்கள் என்று கருதுகிறேன். அவ்விதியின்படி எஸ்கியூலைட் பழைய வரிசையைத் திருத்துவதில்லை. அதை நீக்கிவிட்டுப் புதியதைச் செருகுகிறது. பால் கணக்கை அங்கத்தவருடன் இணைக்கும் அந்நியச் சாவியில் தொடர்நீக்கம் (அங்கத்தவரின் வரிசை நீங்கினால் கணக்கும் நீங்குவது) அமைத்திருந்தால், அந்த நீக்கத்தோடு பால் கணக்கும் போய்விடும். ரூம் 2.5 இல் வந்த அப்சேர்ட் என்ற கட்டளை, ஏற்கனவே இருக்கும் வரிசையைத் திருத்தும் என்பதால் அதற்கு மாறுங்கள்.

முல்லைத்தீவு: சங்கத்தில் பல கைபேசிகளில் மீன் எடை பதிகிறோம். எல்லாவற்றிலும் முதன்மைச் சாவி (ஒவ்வொரு பதிவையும் அடையாளப்படுத்தும் எண்) 1 இலிருந்து தொடங்குவதால், சேவையகத்தில் மோதுகின்றன.

தானாகக் கூடும் எண் அந்தக் கைபேசிக்குள் மட்டுமே தனித்துவமானது. ஒவ்வொரு பதிவும் உருவாகும்போதே அதற்கு யூயூஐடி (எங்கும் மீண்டும் வராதபடி உருவாக்கப்படும் அடையாளம்) ஒன்றைக் கொடுங்கள்.

கிளிநொச்சி: இதில் உடன்பாடில்லை ஐயா. 36 எழுத்துச் சாவி இடத்தை வீணாக்கும். கைபேசிக்கு ஓர் இலக்கம் கொடுத்து, அதைத் தொடர் எண்ணுக்கு முன்னால் சேர்த்தால் போதும்.

முல்லைத்தீவு: தம்பி, செயலியை நீக்கி மீண்டும் நிறுவினால் தொடர் எண் திரும்பவும் 1 ஆகிவிடுமே?

கிளிநொச்சி: சேவையகத்திடம் கடைசி எண்ணைக் கேட்கலாம் அண்ணா.

சிக்னல் இல்லாத கரையில் சேவையகத்திடம் கேட்க வழியில்லை. உங்கள் முறை தளர்வது அங்கேதான். ஆயினும் கிளிநொச்சித் தம்பியின் கவலையில் நியாயம் உண்டு. யூயூஐடியை 16 பைட்டாகவும் சேமிக்கலாம் என்றாலும், அதையே முதன்மைச் சாவியாக்கினால் தனிச் சுட்டி உருவாகி, பதிவுகள் ஒழுங்கின்றி அதில் செருகப்படும். எனவே கைபேசிக்குள் அட்டவணைகளை இணைக்க எண் சாவியையே வைத்துக்கொண்டு, யூயூஐடியைத் தனித்துவப் புலமாக அருகில் வைத்து, சேவையகத்துடன் அதைக் கொண்டே பேசுங்கள். பற்றுச்சீட்டில் அச்சிட, தம்பி சொன்ன இலக்கம் மிகப் பொருத்தமானது. மீனவர் அதை வாசித்துச் சொல்ல முடியும்.

புதுக்குடியிருப்பு: மைக்ரேஷன் கிடைக்கவில்லை என்று பிழை வருகிறது. பழைய அட்டவணைகளை அழிக்கும் வரியைப் போடலாமா?

பரந்தனுக்கு எழுதிய பதிலை முழுமையாக வாசியுங்கள். போடக்கூடாது.

மன்னார்: ஐபோனில் தரவைச் சேமிக்கும் ஸ்விஃப்ட்டேட்டாவுக்கும் இதே வழிதானா?

அது வேறு கட்டமைப்பு. ஐஓஎஸ் 17 முதல் உள்ளது. அதில் வேலை செய்பவரிடம் கேளுங்கள்.

ஒட்டுசுட்டான்: அழிக்கும் வரியைப் போடுமுன் தரவுத்தளக் கோப்பைப் பிரதி எடுத்தால் போதாதா?

அந்த வரி எந்த நிலையிலும் வேண்டாம். பிரதி எடுப்பது நல்ல பழக்கம். ஆனால் ரூம் பொதுவாக வால் (WAL) முறையில், அதாவது மாற்றங்களை முதலில் ஒரு துணைக் கோப்பில், எழுதுவதால், அண்மைய பதிவுகள் -wal என்று முடியும் அந்தக் கோப்பில் இருக்கக்கூடும். பிரதான கோப்பை மட்டும் எடுத்தால் இன்றைய எடைகள் அதில் இல்லாமற் போகலாம். தரவுத்தளத்தை முறையாக மூடிய பின்னர் எடுங்கள். துணைக் கோப்பு எஞ்சியிருந்தால் அதையும் சேர்த்தே எடுங்கள்.