டர்பனில் வெயிலாலும் உப்புக் காற்றாலும் மங்கிய காரின் பெயின்ட்டை வீட்டிலேயே பாலிஷ் செய்து மீட்க முடியுமா?

டர்பனில் கடற்கரைக்கு அருகில் வசிப்பதாகவும், எட்டு ஆண்டுகள் ஓடிய உங்கள் அடர்நீலக் கார் பளபளப்பை இழந்துவிட்டதாகவும், வீட்டிலேயே பாலிஷ் போட என்ன வாங்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் வடக்குக் கரையில், டோங்காட்டில், கரும்பு வயல்களை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். குடும்பத்தில் உள்ள கார்களையும் அண்ணனின் பேக்கி எனும் சிறு சரக்கு வண்டியையும் பல ஆண்டுகளாக நானே கழுவிப் பாலிஷ் செய்து வருகிறேன். முடியும் என்பதுதான் என் பதில். ஆனால் எதையும் வாங்குவதற்கு முன்னால், எதைத் தேய்க்கப் போகிறோம் என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

இக்காலக் கார்களில் நிறப் பூச்சுக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற அடுக்கு ஒன்று இருக்கிறது. அதன் தடிமன் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் வரைதான். நம் தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. பளபளப்பு அந்த அடுக்கில்தான் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருளும் அதில்தான் கலந்திருக்கிறது. பாலிஷ் என்பது இந்த அடுக்கை மிக நுண்ணிய பொடியால் தேய்த்து, கீறலின் இரு கரைகளையும் அதன் அடிமட்டம் வரை இறக்குகிற வேலை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகிறது, போனது திரும்பி வராது. மெழுகு, அதாவது வேக்ஸ், எதையும் எடுக்காமல் மேலே படிந்து காக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணி மாதம் ஒரு முறை பாலிஷ் போடுகிறவர்களின் கார்கள்தான் விரைவில் கெடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மங்குவதற்கு வெயிலும் உப்பும் காரணம்தான். ஆனால் அவற்றைவிட அதிகம் கெடுப்பது துடைக்கிற கைதான் என்பது என் அனுபவம். இங்கே ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் வரை நீளும் கரும்பு வெட்டுக் காலத்தில், காய்ந்த தோகையை அகற்ற வயலுக்குத் தீ வைப்பார்கள். விடிந்து பார்த்தால் பானெட்டின்மேல் விரல் நீளக் கரிய சாம்பல் இழைகள் கிடக்கும். தொட்டால் மையாகப் பரவும். அப்பா தினமும் காலையில் வேலைக்குப் புறப்படும் முன், அம்மாவின் பழைய பருத்திச் சேலைத் துண்டால் அதை அக்கறையோடு துடைப்பார். கரும்புத் தோகையின் சாம்பலில் சிலிக்கா மிகுதி. அது கிளியர் கோட்டைவிடக் கடினமானது. அவர் காரின்மேல் கைப்பேசி விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, ஒளியைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் ஆயிரம் மெல்லிய வட்டக் கீறல்கள் தெரிந்தன. அத்தனையும் அந்தத் துணி இழுத்தவை. உங்கள் அடர்நீலத்தில் இவை இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஆகவே கழுவும் முறையை முதலில் மாற்றுங்கள். காய்ந்த காரைத் துணியால் தொடவே வேண்டாம். முதலில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி மணலையும் சாம்பலையும் உப்பையும் ஓடவிடுங்கள். பிறகு இரண்டு வாளிகள் வேண்டும்: ஒன்றில் கார் ஷாம்பூ, மற்றொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசிய பின்பே ஷாம்பூவில் தோய்க்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். அழுக்கு மிகுந்த கதவின் அடிப்பகுதி கடைசியில் வரட்டும். பாத்திரம் கழுவும் சோப்பு மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். பாரஃபினில், அதாவது மண்ணெண்ணெயில், தோய்த்த துணியால் துடைத்தால் தற்காலிகமாக மினுங்கும், ஆனால் அந்த எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டிக்கொள்ளும்.

கழுவிய பின் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம், பையோடு தடவும்போது ரவை தூவியதுபோல் சொரசொரக்கும். கிளியர் கோட்டில் பதிந்துவிட்ட இரும்புத் துகளும் மரப்பிசினும் அவை. ஷாம்பூ தண்ணீரால் நனைத்து, கிளே பார் எனப்படும் களிமண் கட்டியை அழுத்தாமல் ஓட்டினால் அகன்றுவிடும். கட்டி தரையில் விழுந்தால், எத்தனை விலையானாலும், எறிந்துவிடுங்கள்.

இப்போதுதான் பாலிஷ். காலையில், நிழலில், உலோகம் குளிர்ந்திருக்கும்போது செய்ய வேண்டும். நகத்தால் வருடும்போது தட்டுப்படுகிற கீறல் பாலிஷால் போகாது. அதைத் துரத்தினால் அடுக்கையே இழப்பீர்கள். மிக மென்மையான பாலிஷையும் மென்மையான ஃபோம் பேடையும் கொண்டு ஓர் அடிச் சதுரத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள்; அது போதவில்லை என்றால் மட்டும் ஒரு படி கடினமானதற்குப் போகலாம். இயந்திரம் வேண்டுமானால், சுழன்றபடியே அலையும் டியூயல் ஆக்‌ஷன் வகையை வாங்குங்கள். இளவயதில் நான் ஒரே இடத்தில் வேகமாகச் சுழலும் ரோட்டரி இயந்திரத்தை இரவல் வாங்கி, பானெட்டின் விளிம்பில் சில நொடிகள் கூடுதலாக நிறுத்திவிட்டேன். நாணயம் அளவு இடத்தில் கிளியர் கோட் எரிந்து நிறமே மங்கியது. அந்த பானெட்டுக்கு முழுவதும் புதிதாக பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து விளிம்புகளிலும் மடிப்புகளிலும் டேப் ஒட்டாமல் நான் தொடங்குவதில்லை.

முடித்ததும் அன்றே மெழுகு பூசுங்கள். பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகு அழகான ஆழத்தைத் தரும், ஆனால் நம் வெப்பத்தில் சில வாரங்களே தாங்கும். கடலோரத்தில் இருப்பதால் உங்களுக்கு, மெழுகைப் போலவே பூசும் செயற்கை சீலன்ட் பொருத்தம். அது சில மாதங்கள் நிற்கும். தண்ணீர் தெளித்தால் துளிகள் முத்துமுத்தாக உருளும் வரை பாதுகாப்பு இருக்கிறது. படலமாகப் பரவி நின்றால் மீண்டும் பூசும் நேரம் வந்துவிட்டது. பாலிஷ் தேவையில்லை, மெழுகு மட்டும்.

மைனா எச்சத்தைக் காய விடாதீர்கள். காய்ந்துவிட்டால் ஈரத் துணியைச் சில நிமிடங்கள் அதன்மேல் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் தூக்கி எடுங்கள். உங்கள் காரின் கூரையில் வெண்மையாகத் தோல் உரிவதுபோல் இருந்தால் மட்டும், அங்கே கிளியர் கோட் ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள். அந்தப் பகுதிக்கு பாலிஷ் வாங்கிப் பணம் செலவிடாமல், நேராக பெயின்ட் அடிப்பவரிடம் கொண்டு செல்லுங்கள்.