முதுகில் தேமல், கையில் வெளிறிய திட்டு: இரண்டும் ஒன்றா?

கேள்வி: எனக்கு வயது 34. கோடைதோறும் மார்பிலும் முதுகிலும் தேமல் வந்து போகும். எட்டு மாதங்களாக இடது முன்கையில் சற்று வெளிறிய திட்டு ஒன்று இருக்கிறது; அரிப்பு இல்லை. மருந்துக்கடையில் வாங்கிய களிம்புக்கும் மறையவில்லை. இதுவும் தேமலா, வெண்புள்ளியா?

பதில்: முதுகில் வருவதையும் கையில் இருப்பதையும் ஒரே நோயாகக் கருத வேண்டாம். எல்லோருடைய தோலிலும் இயல்பாக வாழும் மலசீசியா என்ற பூஞ்சை, வியர்வையும் எண்ணெய்ப்பசையும் மிகும்போது பெருகுவதால் வருவது தேமல். அதனால்தான் அது பெரும்பாலும் மார்பு, முதுகு, கழுத்துப் பகுதிகளில் சிறு சிறு திட்டுகளாகத் தோன்றி ஒன்றோடொன்று இணைகிறது. நகத்தால் மெல்லச் சுரண்டினால் தவிடு போன்ற செதில் உதிர்கிறது. பூஞ்சை அழிந்த பிறகும் பழைய நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகலாம்.

வெண்புள்ளியில் நிறமி அறவே போய்விடுவதால் தோல் பால்போல் வெளுத்திருக்கும், ஓரம் தெளிவாகத் தெரியும், செதில் இருக்காது. அது யாருக்கும் தொற்றாது. நீங்கள் "சற்று வெளிறிய" என்று எழுதியிருப்பதால் அதற்கான வாய்ப்பு குறைவு.

எனக்குக் கவலை தருவது, பெயர் சொல்லவே பலரும் தயங்கும் தொழுநோய். கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சின் நுனியால் அந்தத் திட்டையும் சுற்றியுள்ள நல்ல தோலையும் வேறொருவரை மாறி மாறித் தொடச் சொல்லி, தொட்ட இடத்தை விரலால் காட்டிப் பாருங்கள். திட்டின் மேல் பட்டது தெரியாவிட்டாலோ, அங்கு மட்டும் வியர்க்காமல் முடி குறைந்திருந்தாலோ, சுண்டுவிரல் மரத்திருந்தாலோ தாமதிக்காதீர்கள். உணர்வு சரியாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். தொடக்க நிலையில் உணர்விழப்பு தெளிவாகத் தெரியாமலும் போகலாம். மருத்துவர் முழங்கை நரம்பு தடித்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்; தேவையானால் தோலில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்.

களிம்பை இன்றே நிறுத்திவிட்டு, அதன் டியூபை மட்டும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது நோயின் அடையாளங்களை மறைப்பதோடு தானே தோலை வெளுக்கவும் செய்யும்.

தொழுநோய் என்றே உறுதியானாலும் அஞ்சவோ ஒளிக்கவோ வேண்டியதில்லை. கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். ஐந்து வரையான திட்டுகளுக்குப் பொதுவாக 6 மாதங்களும், அதற்கு மேல் இருந்தால் 12 மாதங்களும் மாத்திரை எடுக்க வேண்டியிருக்கும். நரம்பு பாதிக்கப்படும் முன்பே தொடங்கினால் ஊனத்தைத் தடுத்துவிடலாம். அப்படி உறுதியானால், வீட்டில் உடன் இருப்பவர்களின் தோலையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.